பல்கலைக்கழக டே கேரில் யார் யார் வேலை பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடினால், பேச்சு சீக்கிரமே டே கேர் பக்கம் போய்விடும். “யுனிவர்சிட்டி சென்டர்லதான் விடறோம், அங்க எல்லாரும் சைல்டு சைக்காலஜில பி.எச்.டி. பண்ணவங்க” என்பார் ஒருவர். “நீங்க வேற, காலேஜ் பசங்க வந்து விளையாடிட்டுப் போறாங்க, அதுக்கா இவ்வளவு காசு?” என்பார் இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர் குரலைத் தாழ்த்தி, “குழந்தைங்கள வச்சு ஆராய்ச்சி பண்றாங்களாமே?” என்று கேட்பார்.

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் மூன்றையும் நம்பிக் குழந்தையைச் சேர்ப்பதோ சேர்க்காமல் விடுவதோ சரியில்லை. அந்தக் கட்டடத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எதற்காக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். பொம்மை, தோட்டம், கேமரா என்று பார்த்துப் பார்த்து வியப்பவர்கள், கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். இந்த மையங்களின் தரம் பெரும்பாலும் ஆட்களில்தான் இருக்கிறது. அதிலும், ஒரே ஆள் எவ்வளவு காலம் நிற்கிறார் என்பதில்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள்

சென்னையில் ஜி.எச். என்று நாம் சொல்லும் அரசு பொது மருத்துவமனைக்கோ, மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ போயிருப்பீர்கள். காலையில் யூனிட் சீஃப் ரவுண்ட்ஸ் வருவார். பின்னால் ஒரு கூட்டமே வரும்: உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், நோட்டும் கையுமாக எம்.பி.பி.எஸ். மாணவர்கள். ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர் ஹவுஸ் சர்ஜன். எந்த மருந்து என்று முடிவெடுப்பவர் சீஃப். இரவெல்லாம் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ். நோயாளி போவது வைத்தியத்துக்கு. ஆனால் அந்த மருத்துவமனை இருப்பது மாணவர்கள் படிப்பதற்கும், ஆராய்ச்சி நடப்பதற்கும் சேர்த்துத்தான்.

பல்கலைக்கழகக் குழந்தை மையமும் இப்படித்தான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. நாளைய ஆசிரியர்களைப் பழக்குவது இரண்டாவது. குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்வது மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடத்தை லேப் ஸ்கூல் என்கிறார்கள், அதாவது ஆய்வுப் பள்ளி.

இது புதிய யோசனை இல்லை. தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பள்ளியைத் தொடங்கினார். 1920களில் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் லாரா ஸ்பெல்மன் நிதியம் குழந்தை வளர்ச்சி ஆய்வுக்குப் பணத்தைக் கொட்டியது. அயோவா, மின்னசோட்டா, பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்களில் அந்தப் பணத்தின் உதவியோடு ஆய்வு நிலையங்களும், அவற்றை ஒட்டி நர்சரிப் பள்ளிகளும் வளர்ந்தன. ஸ்டான்ஃபோர்டில் ஏற்கெனவே நடந்துவந்த நர்சரிக்கு அடுத்ததாக, 1966இல் பிங் நர்சரிப் பள்ளி வந்தது. நோயைப் பற்றி ஆராய மருத்துவமனை இருக்கிறது, நன்றாக இருக்கும் குழந்தையை எங்கே போய்ப் பார்ப்பது என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் கிடைத்த பதில்தான் இந்த நர்சரிகள்.

பல்கலைக்கழகத்தின் பெயர் பலகையில் இருக்கிறது என்பதாலேயே ஒரு மையம் லேப் ஸ்கூல் ஆகிவிடாது. சில வளாகங்களில் இருப்பது மாணவப் பெற்றோருக்கும் ஊழியர்களுக்குமான சாதாரண டே கேர்தான். சில இடங்களில் கட்டடம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது, நடத்துவது வெளி நிறுவனம். கண்டுபிடிக்க எளிய வழி, மையம் யாருக்குக் கீழே வருகிறது என்று கேட்பது. கல்வித் துறை, உளவியல் துறை, மனித வளர்ச்சித் துறை என்றால் பெரும்பாலும் லேப் ஸ்கூல். ஊழியர் நலப் பிரிவு, மாணவர் சேவைப் பிரிவு என்றால் பெரும்பாலும் டே கேர். இரண்டில் எதுவும் மட்டமில்லை, வேலைதான் வேறு.

வகுப்பறைக்குள் யார் யார்

சரி, உள்ளே போவோம். அறையில் எப்போதும் மையமாக இருப்பவர் லீட் டீச்சர், அந்த அறையின் பொறுப்பாசிரியர். இவர் பெரும்பாலும் குழந்தைப் பருவக் கல்வியில் இளங்கலையோ முதுகலையோ படித்தவர். அன்றைக்கு என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிடுவது, பெற்றோரிடம் பேசுவது, கூட இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் இவர் தலையில். ஜி.எச். கணக்கில் சொன்னால் இவர் பாதி சீஃப், பாதி நர்ஸ். டயப்பரும் மாற்றுவார்.

அடுத்து உதவி ஆசிரியர். இவரும் முழுநேர ஊழியர்தான். பலர் சி.டி.ஏ. என்ற குழந்தை வளர்ச்சிச் சான்றிதழ் பெற்றிருப்பார்கள். 120 மணி நேரப் பாடமும், குழந்தைகளோடு 480 மணி நேர வேலை அனுபவமும் இருந்தால்தான் அந்தச் சான்றிதழுக்கே விண்ணப்பிக்க முடியும். நம் ஊர் நர்சரிகளில் ஆயாம்மா ஒருவர், மிஸ் ஒருவர் என்று வேலையைப் பிரித்திருப்போம். துடைப்பது ஆயாம்மா, சொல்லிக்கொடுப்பது மிஸ். இங்கே அந்தக் கோடே கிடையாது. இரண்டு வயதுக்குக் கீழே துடைப்பதும் ஊட்டுவதும்தான் பாடம் என்பது இவர்கள் பிடிவாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

மூன்றாவது, ஃப்ளோட்டர். எந்த அறைக்கும் சொந்தமில்லாமல், தேவைப்படும் அறைக்கு ஓடுபவர். ஒருவர் சாப்பிடப் போனால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், ஏன், ஒருவர் பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூட இவர் வந்து நின்றால்தான் முடியும். காரணத்தைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

பிறகு மாணவர்கள். பெற்றோர் அதிகம் குழம்புவது இங்கேதான், ஏனென்றால் இவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் சம்பளத்துக்கு வருபவர்கள். ஒர்க்-ஸ்டடி என்று ஒரு திட்டம் உண்டு, 1964இல் வந்தது. பணத் தேவை உள்ள கல்லூரி மாணவர்கள் பகுதிநேரம் வேலை பார்த்தால், சம்பளத்தில் பெரும்பகுதியை மத்திய அரசு தரும். என்ஜினீயரிங் படிக்கும் பையன்கூட இதில் வந்து மதியம் குழந்தைகளுக்குக் கட்டில் விரித்துக்கொண்டிருக்கலாம். இன்னொரு ரகம் ப்ராக்டிகம் மாணவர்கள். இவர்களுக்கு இது பாடத்தின் ஒரு பகுதி, மதிப்பெண் உண்டு. ஹவுஸ் சர்ஜன்களுக்கு நிகரானவர்கள் இவர்கள்தான். முன்னவருக்கு இது பார்ட் டைம் வேலை, பின்னவருக்குத் தொழில். குழந்தையிடம் இருவருமே அன்பாக இருக்கலாம். ஆனால் பின்னவரை லீட் டீச்சர் கவனித்துக்கொண்டே இருப்பார், தவறைச் சுட்டிக்காட்டுவார், செமஸ்டர் முடிவில் மதிப்பிடுவார்.

மையத்தின் இயக்குநர், அதாவது டைரக்டர், மாநில உரிமம், வரவு செலவு, காத்திருப்போர் பட்டியல் என்று ஓடிக்கொண்டிருப்பார். சமையலறை ஆள் ஒவ்வாமைப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பார். இவர்கள் எல்லோருக்கும் கைரேகையோடு பின்னணிச் சோதனை உண்டு. குழந்தையைக் கொடுமைப்படுத்துவதாகச் சந்தேகம் வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கடமையும் உண்டு.

அந்த பி.எச்.டி. எங்கே என்கிறீர்களா? அவர் மாடியில், ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால், அல்லது பக்கத்துக் கட்டடத்தில் இருப்பார். ஆராய்ச்சியாளரோ பேராசிரியரோ குழந்தைக்குச் சோறு ஊட்டுவது அபூர்வம்.

சுருக்கமாக: அறையை நடத்துவது லீட் டீச்சர், கூடவே முழுநேர உதவியாளர். மாணவர்கள் வந்து போகிறவர்கள். முனைவர் பட்டத்தை வைத்து அறையின் தரத்தை அளக்க முடியாது.

எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர்

கட்டணம் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு விடை ஒரே சொல்லில் இருக்கிறது: ரேஷியோ. ஒரு பெரியவர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற விகிதம். இதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கைக்குழந்தை என்றால் மேரிலாந்தில் ஒருவருக்கு 3 பேர். ஜார்ஜியாவில் ஒருவருக்கு 6 பேர் வரை. என்.ஏ.இ.ஒய்.சி. என்று அழைக்கப்படும், சிறு குழந்தைகளின் கல்விக்கான தேசியச் சங்கம் தரச் சான்றிதழுக்கு வைத்திருக்கும் அளவு, கைக்குழந்தைக்கு ஒருவருக்கு 4, ஓர் அறையில் மொத்தம் 8. நாலு வயதுக் குழந்தைகளுக்கு ஒருவருக்கு 10, அறையில் 20. பல்கலைக்கழக மையங்கள் பல இந்தச் சான்றிதழை வாங்கி வைத்திருப்பவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு. கைக்குழந்தை அறை, 8 குழந்தைகள், எப்போதும் 2 பெரியவர்கள். மையம் காலை 7:30 முதல் மாலை 5:30 வரை, 10 மணி நேரம். ஆக, ஒரு நாளைக்கு 20 ஆள்-மணி. ஒருவர் 8 மணி நேர வேலைக்கு வந்தாலும் சாப்பாடு, திட்டமிடல், குறிப்பு எழுதுவது போக அறையில் நிற்பது ஏழு மணி நேரம் இருக்கும். எனவே 3 முழுநேர ஆட்கள் வேண்டும். மணிக்கு 18 டாலர் என்று வைத்தால், வருடத்துக்கு ஒருவருக்கு 37,440 டாலர். மூவருக்கும், காப்பீடு போன்றவற்றுக்குக் கால் பங்கு சேர்த்தால், ஏறக்குறைய 1,40,000 டாலர். 8 குடும்பத்துக்குப் பிரித்தால் தலைக்கு 17,500 சொச்சம், மாதம் 1,460 டாலர். டைரக்டர் சம்பளமும் சாப்பாடும் ஃப்ளோட்டரும் இன்னும் கணக்கில் வரவே இல்லை. அதே மூன்று பேரை நாலு வயது அறையில் 20 குழந்தைகளுக்குப் பிரித்துப் பாருங்கள், மாதம் 585 டாலர்தான் வரும். பிள்ளை வளர வளரக் கட்டணம் குறைவது கருணையால் இல்லை, வகுத்தல் கணக்கால்.

பல்கலைக்கழகம் பெரும்பாலும் கட்டடம், மின்சாரம், பராமரிப்பு ஆகியவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. வெளியே இதே தரத்தில் ஒரு மையம் இன்னும் அதிகம் கேட்பதற்கு ஒரு காரணம் அதுதான். வருமானம் குறைந்த மாணவப் பெற்றோருக்கு உதவ மத்திய அரசு 1998இல் ஒரு மானியத் திட்டத்தையும் உருவாக்கியது. விண்ணப்பிக்கும்போது அது அந்த வளாகத்தில் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது ஃப்ளோட்டர் விஷயம் புரிந்திருக்கும். 8 குழந்தைகள் இருக்கும் அறையிலிருந்து ஒருவர் ஒரு நிமிடம் வெளியே போனாலும் விகிதம் உடைந்துவிடும். வேறொன்றையும் கவனிக்க வேண்டும்: அறையில் ஆறு பெரியவர்கள் தெரிந்தால் ஆறு பேரும் கணக்கில் இருப்பதாக அர்த்தமில்லை. பாடத்துக்காக வரும் ப்ராக்டிகம் மாணவர்களை வழக்கமாக விகிதத்தில் சேர்ப்பதில்லை. சம்பள மாணவர்களைச் சேர்க்கலாமா என்பது மாநில விதியையும், அவர்களுடைய தகுதியையும் பொறுத்தது. கூட்டத்தைப் பார்த்து மகிழ்வதைவிட, இதில் கணக்கில் வருபவர்கள் யார் என்று கேட்பது நல்லது.

ஆள் மாறிக்கொண்டே இருந்தால்

மருத்துவமனை உவமை ஓர் இடத்தில் சறுக்குகிறது. டைஃபாய்டுக்கு இன்று ஒரு ஹவுஸ் சர்ஜன் மருந்து கொடுத்தாலும் நாளை இன்னொருவர் கொடுத்தாலும் காய்ச்சல் இறங்கிவிடும். குழந்தை விஷயத்தில் அந்த ஆளேதான் மருந்து.

இதைப் பல்கலைக்கழகங்கள் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மனையியல் படித்த மாணவிகள் சில வாரங்கள் ஒரு பயிற்சி வீட்டில் சேர்ந்து தங்குவார்கள். சமையல், செலவுக் கணக்கு, வீட்டு நிர்வாகம் எல்லாம் அங்கே பாடம். 1920 முதல் அந்த வீட்டுக்கு நிஜமான குழந்தையும் வந்தது, ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து. முதல் குழந்தைக்கு டிக்கி என்று பெயர் வைத்தார்கள். மனையியலைக் குறிக்கும் ‘டொமஸ்டிக் எகானமி’ என்பதைச் சுருக்கி டோம்கான் என்று குடும்பப் பெயரும் வைத்தார்கள். மாணவிகள் முறை வைத்து ‘அம்மா’ ஆனார்கள். ஒருத்தி முறை முடிந்ததும் அடுத்தவள். ஒரு தொகுதி போனதும் அடுத்த தொகுதி. உணவு, எடை, தூக்கம் எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. அந்தக் குழந்தைகள் கொழுகொழுவென்று வளர்ந்தார்கள், தத்தெடுக்கக் காத்திருந்த குடும்பங்கள் போட்டி போட்டன. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

1951இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். சிறு குழந்தைக்கு நிலையான ஒருவரோடு நெருக்கமான, தொடர்ந்த உறவு வேண்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் பற்றுக் கோட்பாடு என்று வளர்ந்தது இதுதான்: குழந்தை தனக்குப் பழகிய ஒருவரை அச்சாணியாக வைத்துக்கொண்டுதான் உலகத்தை ஆராயப் போகிறது. அதன் பிறகு பயிற்சி வீட்டுக் குழந்தைகள் மெல்ல மெல்ல வழக்கொழிந்து போனார்கள்.

ஆனால் பிரச்சினை போகவில்லை, ஏனென்றால் மாணவர்கள் இன்னும் வந்து போகிறார்கள். செமஸ்டர் முறை உள்ள இடத்தில் பதினைந்து வாரம். ஸ்டான்ஃபோர்டு மாதிரிக் குவார்ட்டர் முறை என்றால் ஏறக்குறைய பத்தே வாரம். இதற்கு நல்ல மையங்கள் கையாளும் வழி, முதன்மைப் பராமரிப்பாளர் என்ற ஏற்பாடு. ஓர் அறையில் எட்டுக் குழந்தைகள் இருந்தாலும், இந்த நாலு குழந்தைகளுக்கு இந்த ஊழியர் என்று பிரித்துவிடுவார்கள். அந்த நால்வருக்கும் பால் கொடுப்பது, டயப்பர் மாற்றுவது, தூங்கவைப்பது முடிந்தவரை அவர்தான். மாணவர்கள் கூடவே விளையாடலாம், புத்தகம் படித்துக் காட்டலாம், ஆனால் அழும்போது தேடும் முகம் மாறக் கூடாது.

மாணவர் போகும்போதும் சத்தமில்லாமல் போய்விடுவதில்லை. “திங்கட்கிழமையிலிருந்து இவர் வரமாட்டார்” என்று குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி, கையசைத்து அனுப்பி, படத்தைச் சுவரில் விட்டுவைப்பார்கள். பெரியவர்களுக்கு மிகையாகத் தோன்றலாம். இரண்டு வயதுக் குழந்தை அந்தப் படத்தைக் காட்டிக் காட்டிப் பேசுவதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

சும்மா விளையாட விடுகிறார்கள் என்பது பற்றி

மணல் தொட்டியில் ஒரே மண்வாரிக்காக மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர் மல்லுக்கட்டுகிறார்கள். நம் கை தானாக நீளும்: பிடுங்கி ஒருவனிடம் கொடுப்போம், அல்லது “ஷேர் பண்ணிக்கோங்க” என்போம். லீட் டீச்சர் மண்டியிட்டு இருவரின் கண் உயரத்துக்கு வருகிறார். மண்வாரியின் நடுவில் லேசாகக் கை வைக்கிறார், பிடுங்கவில்லை. “நீ இதைப் பிடிச்சிருக்கே. அவனும் பிடிச்சிருக்கான். ஒண்ணுதான் இருக்கு” என்கிறார். அப்புறம் பேசாமல் இருக்கிறார். அந்த அமைதிதான் பயிற்சி இல்லாதவரால் முடியாதது. அரை நிமிடம் கழித்து ஒருவன் “நான் முடிச்சுட்டுத் தரேன்” என்கிறான். “எப்போ முடியும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?” என்று டீச்சர் கேட்கிறார். வாளி நிறைந்ததும் என்று பதில் வருகிறது. மொழி, பேச்சுவார்த்தை, நேரக் கணக்கு எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ஏ, பி, சி, டி மட்டும் வரவில்லை, அதைத்தான் நாம் வீட்டில் போய்க் கேட்கிறோம்.

இதே நேரத்தில் ப்ராக்டிகம் மாணவி ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருப்பாள். அவள் முதலில் கற்க வேண்டியது, பார்த்ததை எழுதுவது. “அவன் கோபமாக இருந்தான், சுயநலமாக நடந்துகொண்டான்” என்று எழுதினால் டீச்சர் சிவப்பு மையில் வட்டமிடுவார். அது தீர்ப்பு, பார்த்தது இல்லை. “மண்வாரியை இரண்டு கையாலும் இழுத்தான், ‘என்னுது’ என்று மூன்று முறை சொன்னான், டீச்சர் பேசியதும் வாளியைப் பார்த்தான்” என்பதுதான் குறிப்பு. இப்படி வாரக்கணக்கில் சேரும் குறிப்புகளிலிருந்துதான் அடுத்த வாரம் மேசையில் என்ன வைப்பது, எந்தக் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியாளரின் உதவி தேவைப்படலாம் என்ற முடிவுகள் வருகின்றன. பெற்றோர் சந்திப்பில் டீச்சர் உங்கள் குழந்தையைப் பற்றி நுணுக்கமாகப் பேசினால், ஞாபக சக்தி மட்டும் காரணமில்லை.

வீட்டில் தமிழ் மட்டும் பேசும் குழந்தை என்றால், நல்ல டீச்சர் முதல் வாரமே சில சொற்களைக் கேட்டு வாங்கிக்கொள்வார். தண்ணி, போதும், வலிக்குது, ஒண்ணுக்கு, அம்மா வருவாங்க. இவற்றை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிக்கொண்டு, கொச்சை உச்சரிப்போடு சொல்லிப் பார்ப்பார். கேட்காவிட்டால் நீங்களே எழுதிக் கொடுங்கள். அதில் ‘ஒண்ணுக்கு’ மிக முக்கியம்.

ஆராய்ச்சி என்ற பயம்

ஆராய்ச்சி நடப்பது உண்மை. உளவியல் பாடப்புத்தகங்களில் வரும் புகழ்பெற்ற சோதனைகள் சில இத்தகைய நர்சரிகளில் பிறந்தவைதான். ஆல்பர்ட் பண்டூராவின் பொம்மைச் சோதனை 1961இல் வெளியானது. பெரியவர் ஒருவர் ‘போபோ’ என்ற காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தாங்களும் அப்படியே அடித்தார்கள். 36 பையன்கள், 36 பெண் குழந்தைகள், எல்லோரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பிள்ளைகள்.

அந்தச் சோதனையில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. இயல்பிலேயே முரட்டுக் குழந்தைகள் ஒரே குழுவில் சேர்ந்துவிட்டால் முடிவு கெட்டுவிடும் அல்லவா? அதனால் குழந்தைகள் ஒவ்வொருவரும் சாதாரண நாளில் எவ்வளவு அடிப்பார்கள், எவ்வளவு திட்டுவார்கள், எவ்வளவு அடக்கிக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே மதிப்பெண் போட்டார்கள். போட்டவர்கள் இரண்டு பேர்: சோதனையை நடத்தியவர், அப்புறம் அந்தப் பிள்ளைகளை நன்றாக அறிந்த ஒரு நர்சரி ஆசிரியை. இருவருடைய மதிப்பீடும் நன்றாகவே ஒத்துப்போனது. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் குழுக்களைச் சமமாகப் பிரித்தார்கள். கட்டுரையில் நர்சரி இயக்குநர் ஈடித் டௌலிக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் பொம்மை இருக்கிறது, ஆசிரியை இல்லை.

வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ சோதனை நடந்தது அடுத்து வந்த பிங் நர்சரியில், 1960களின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும். இப்போது ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்று அது உலகம் முழுக்கப் பரவியது. 2018இல் இன்னும் பெரிய, பலதரப்பட்ட குழந்தைக் கூட்டத்தை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கியது. நம் பேச்சுக்கு இன்னும் பொருத்தமானது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை, 2013இல் வெளியானது. மிட்டாய்க்கு முன்பே, ஒரு பெரியவர் சில குழந்தைகளுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், சிலருக்குக் காப்பாற்றவில்லை. ஏமாந்த குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம்தான் காத்திருந்தார்கள். ஏமாறாதவர்கள் 12 நிமிடம். மன உறுதி என்று நாம் குழந்தையிடம் தேடுவதில் ஒரு பங்கு எதிரே நிற்கும் பெரியவரிடம் இருக்கிறது.

இன்றைக்கு எந்த ஆய்வும் நேரடியாகக் குழந்தையிடம் போய்விட முடியாது. 1974இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வை முதலில் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். பெற்றோரின் அனுமதி வேண்டும். விவரம் தெரிந்த குழந்தையின் சம்மதமும் வேண்டும், மூன்று வயதுப் பிள்ளை “வரமாட்டேன்” என்றால் அதோடு சரி. பெரும்பாலான ஆய்வுகள் பத்து இருபது நிமிட விளையாட்டுகள்: எந்தப் பெட்டியில் பொம்மை இருக்கிறது, இந்தக் கதையில் யார் செய்தது சரி என்பது மாதிரி. கையெழுத்துக் கேட்கும் படிவத்தைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆய்வில் சேராததால் சீட்டு போய்விடாது. சில மையங்களில் சேர்க்கையின்போதே பொது அனுமதி ஒன்று கேட்பார்கள். அதில் வீடியோ பற்றிய வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

சுருக்கமாக: ஆராய்ச்சியாளர் வேறு, ஆசிரியர் வேறு. ஆசிரியர் உங்கள் குழந்தையின் பக்கம்.

சம்பளமும் நிலைத்து நிற்பதும்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்குப்படி, குழந்தைப் பராமரிப்பு ஊழியரின் இடைநிலைச் சம்பளம் மணிக்கு 14.60 டாலர். அதாவது பாதிப் பேர் அதைவிடக் குறைவாக வாங்குகிறார்கள். ப்ரீஸ்கூல் ஆசிரியருக்கு வருடம் 37,130 டாலர். கட்டணம் நம் பையைக் கடிக்கிறது, அவர்கள் பையிலும் ஒன்றும் நிறைவதில்லை. மேலே போட்ட வகுத்தல் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. அதனால்தான் இந்தத் துறையில் ஆட்கள் நிற்பதில்லை.

மையத்தைப் பல்கலைக்கழகமே நடத்தினால், முழுநேர ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு, பல இடங்களில் படிப்புக் கட்டணச் சலுகை ஆகியவை கிடைக்கும். சம்பளம் பெரிதாக இல்லாவிட்டாலும் அவை ஆளைப் பிடித்துவைக்கும். நிலையான நல்ல ஊழியர்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 1972இல் தொடங்கிய அபெசிடேரியன் திட்டத்தைச் சொல்வார்கள். ஏழைக் குடும்பங்களின் 111 குழந்தைகள், குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஒரு குழுவுக்குக் கைக்குழந்தைப் பருவம் முதல் ஐந்து வயது வரை முழுநாள் மையம். கைக்குழந்தைகளுக்கு ஒருவருக்கு 3, வளர்ந்த பிறகு ஒருவருக்கு 6 என்ற விகிதம். முப்பது வயதில் பார்த்தபோது மையத்தில் வளர்ந்தவர்களில் 23 சதவீதம் பேர் பட்டதாரிகள், மற்ற குழுவில் 6 சதவீதம். எல்லா மையமும் இதைச் செய்துவிடும் என்று யாராவது விளம்பரத்தில் சொன்னால் நம்ப வேண்டாம். அது அந்த ஊரில், அந்தச் சூழலில், மிகக் கவனமாக நடத்தப்பட்ட ஒன்று.

பார்க்கப் போகும்போது

சுற்றிக் காட்டும்போது டைரக்டர் தோட்டத்தையும் கலைப் பொருள்களையும் காட்டுவார். பாருங்கள், அழகாகத்தான் இருக்கும். பிறகு கேளுங்கள்: இந்த அறையின் லீட் டீச்சர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்? என் குழந்தைக்கு டயப்பர் மாற்றப்போவது யார்? தேர்வு வாரத்தில் மாணவர்கள் வராதபோது அறையை எப்படி நடத்துகிறீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் வந்தால், அந்த மையம் மாணவர் உழைப்பில் ஓடவில்லை என்று தெரியும். வந்த பதில் “அப்போ கொஞ்சம் கஷ்டம்தான்” என்றால், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சேர்த்த பிறகு ஒரு நடைமுறை விஷயம். காலை 7:30 முதல் வேலை பார்க்கும் லீட் டீச்சர் மாலை நாலு, நாலரைக்குக் கிளம்பிவிடுவார். நீங்கள் ஐந்தேகாலுக்கு மூச்சுவாங்க ஓடிவரும்போது வாசலில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு மாணவரோ ஃப்ளோட்டரோதான். “இன்னைக்கு எப்படி இருந்தா?” என்று கேட்டால், “குட் டே!” என்பார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவரைக் கடிந்து பயனில்லை. குழந்தை மதியம் தூங்கவில்லை, பக்கத்துப் பிள்ளை கடித்துவிட்டது, சாப்பாட்டை ஒதுக்குகிறது என்று பேச வேண்டியிருந்தால் லீட் டீச்சருக்கு மின்னஞ்சல் எழுதி, குழந்தைகள் தூங்கும் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் பத்து நிமிடம் கேளுங்கள். அவரும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் குறிப்பு எழுத உட்காருவார்.